யோசெப்பின் தன் புருஷனைச் சுட்ட வரலாறு

ரிவியில் படம் ஓடும்போது ஒரு ஆணும் ஒரு பெண்ணும் முகத்துக்கு முகம் கிட்ட வந்தால், வீட்டுக்குப் பெரியவர் தண்ணீர் கேட்க வேண்டும். இது எங்கள் சனத்தின் வழக்கம். இதற்கு ஒரு சட்டமும் இல்லை. யாரும் யாருக்கும் படிப்பித்ததும் இல்லை. தகப்பன் "ஆரும் கொஞ்சம் தண்ணி கொண்டு வாங்கோ" என்பார். தாய்க்கு அடுப்பில் ஏதோ வைத்த ஞாபகம் வரும். மூத்த பிள்ளை செருமும். தண்ணீர் வந்து சேரும்போது படத்தில் இருவரும் கலியாணம் கட்டிப் பிள்ளையும் பெற்றிருப்பார்கள். பெரியவர் தண்ணீரைக் குடித்துவிட்டு, "இப்ப என்ன நடந்தது?" என்று கேட்பார். ஒருவரும் சொல்லமாட்டார்கள்.

இந்த முறையிலேதான் நாங்கள் மொன்றியலில் இத்தனை வருஷமும் படம் பார்த்தோம். பிள்ளைகள் கெட்டுப்போகவில்லை. தண்ணீர் நிறையக் குடித்ததால் எங்களுக்கும் சிறுநீரகத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனால் உபகுழு ஒன்று இல்லாமலே ஒழுங்காக நடக்கிற காரியம் உலகத்தில் ஒன்று இருக்கிறது என்பதை எங்கள் மன்றத்தால் தாங்க முடியவில்லை.

மன்றத்தின் பெயர் மொன்றியல் வடகரைத் தமிழர் கலை பண்பாட்டு நலன்புரி மன்றம். பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் ரீ ஆறிவிடும். தலைவர் நகுலேஸ்வரன். லவாலில் சொந்த வீடு, காப்புறுதி விற்கிற தொழில். மனுசன் எதையும் கடிதம் எழுதுகிற மாதிரித்தான் கதைப்பார். வீட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வேண்டுமென்றாலும் "மேற்படி விடயம் தொடர்பாக" என்றுதான் தொடங்குவார் என்று அவருடைய மனைவி சிவநேசமே சொல்லியிருக்கிறா.

இந்தமுறை குளிர்கால ஒன்றுகூடலில் எங்கள் பிள்ளைகள் எடுத்த படம் ஒன்றைப் போடுவது என்று தீர்மானமானது. பிள்ளைகள் என்று சொன்னாலும் படம் எடுத்தது ஒரேயொரு பிள்ளைதான். மொன்றியல் நோரில் இருக்கிற அருமைநாதன், யோசெப்பின் ஆக்களின் கடைசி மகள் ஜெயனி. கொலிச்சில் படம் எடுக்கப் படித்தவள். சம்பளம் கேட்காத நடிகர் வேறு கிடைக்காதபடியால் தாயையும் தகப்பனையுமே நடிக்க விட்டிருந்தாள்.

கதையும் அவர்களுடையதுதான். அருமைநாதன் இரவில் பாண் வெதுப்பகத்தில் வேலை. யோசெப்பின் காலையில் கந்தோர்கள் துப்புரவாக்குகிற வேலை. பல வருஷமாக இரண்டு பேரும் சந்தித்ததே ஹென்றி பூறாசா மெற்றோ மேடையில்தான். அவர் இறங்குவார், அவ ஏறுவா. இடையில் வீட்டுச் சாவி கை மாறும். "பருப்பு அடுப்பிலை கிடக்கு" என்பா. "வெளியிலை சறுக்குது, பாத்துப் போம்" என்பார். கதவு மூடும். படத்தில் இப்படி இரண்டு காலை போகிறது. மூன்றாம் நாள் அவவின் பிறந்த நாள். அவர் இறங்குகிறார், ஒன்றும் சொல்லவில்லை, மனைவியின் கன்னத்தில் ஒரு முத்தம். கதவு மூடுகிறது. ரெயின் வெளிக்கிட, கண்ணாடிக்குப் பக்கத்தில் நின்று யோசெப்பின் சிரிக்கிறா. அவ்வளவுதான் படம். இதில் கதை என்று சொல்ல ஒன்றும் இல்லை. அதனால்தான் நன்றாக இருந்தது.

யோசெப்பின் என்னிடம் ஒருநாள் தேவாலய வாசலில் சொன்னா:

"எமிலியானுஸ் அண்ணை, நான் இவ்வளவு காலமும் மற்றவையின்ரை கண்ணாடி துடைச்சனான். அதிலை என்ரை முகம் தெரியத் தொடங்கேக்கை அடுத்த கண்ணாடிக்குப் போயிடுவன். அந்தக் கடைசிச் சிரிப்பிலை நான் வடிவா இருக்கிறன். அதை ஒருக்காப் பெரிய திரையிலை பாக்கோணும். வேறை ஒண்டும் வேண்டாம்."

அதைப் பார்க்க வரச்சொல்லி கர்க்லாண்டில் இருக்கிற மச்சாள் குடும்பத்துக்கும், லவாலில் இருக்கிற இனசனத்துக்கும், தன்னோடு வேலை செய்த போர்த்துக்கேயப் பெண்கள் மூன்று பேருக்கும் அவ சொல்லியாயிற்று.

இந்த நேரத்தில்தான் ஒரு கலியாண வீட்டுக்கென்று அமெரிக்காவிலிருந்து ஆனந்தராசா வந்து இறங்கினார்.

ஆனந்தராசா சிவநேசத்தின் தம்பி. நியூ ஜேர்சியில் இருக்கிறார். அங்கே பிள்ளைகளின் கண்களைக் காப்பாற்றுகிற சங்கம் ஒன்றில் அவர் முக்கியமான ஆள். அவருடைய ஊர் நூலகத்தில் நின்ற கற்சிலை ஒன்றுக்குக் காற்சட்டை போடுவித்தவர் அவர்தான். சிலையின் கையில் இருந்த வாளில் அவர் கை வைக்கவில்லை. அது சிலையின் உரிமை.

நகுலேஸ்வரன் வீட்டு நிலவறையில் ஜெயனி தன் லப்டொப்பில் படத்தை முன்கூட்டிப் போட்டுக் காட்டினாள். மூன்றாம் நாள் காலை வந்தது. அருமைநாதன் மனைவிக்குக் கிட்டப் போனார். நகுலேஸ்வரன் பழக்க தோஷத்தில் தண்ணீர் கேட்டார். ஆனந்தராசா கதிரையை விட்டு எழும்பினார்.

"நிப்பாட்டு பிள்ளை. இதென்ன?"

"கொஞ்சிறது," என்றேன் நான், தெரியாமல் கேட்கிறார் என்று நினைத்து.

"கொஞ்சிறது எண்டு எனக்குத் தெரியும் அண்ணை. பிள்ளையள் இருந்து பாக்கிற இடத்திலை இது என்னத்துக்கு?"

ஜெயனி சொன்னாள்: "அங்கிள், அவை புருஷன் பொஞ்சாதி. கன காலம் கலியாணம் கட்டினவை."

"அதுதான் இன்னும் பிழை. கலியாணம் கட்டாதவை கொஞ்சினா, அது தீய பழக்கம் எண்டு சொல்லிப் பிள்ளையளை வளர்க்கலாம். கட்டினவையே கொஞ்சினா நாங்கள் என்னத்தைச் சொல்லுறது?"

நகுலேஸ்வரனுக்கு இது ஞாயமாகப் பட்டது. "அமெரிக்காவிலை மேற்படி விடயம் தொடர்பா என்ன நடைமுறை?" என்று கேட்டார்.

"அங்கை எல்லாத்துக்கும் ஒரு ஒழுங்கு, அத்தான். ஒருத்தன் நூறு பேரைச் சுட்டா பதின்மூண்டு வயசுப் பிள்ளை பாக்கலாம். சட்டையைக் கழட்டினாப் பதினேழு வயசாகோணும். சுட்டுப்போட்டுச் சட்டையைக் கழட்டினா, அதுவும் பதினேழு."

"சட்டையைக் கழட்டாமல் சுட்டா?" என்றேன்.

"அதுதான் அண்ணை குடும்பப் படம்."

சிவநேசம் கேட்டா: "ரத்தம் வந்தா, தம்பி?"

"சிவப்பா வந்தா வளந்த பிள்ளையளுக்கு. பச்சையா வந்தாச் சின்னப் பிள்ளையளுக்கு. ரத்தம் வராமல் விழுந்து செத்தாத் தொட்டில் பிள்ளைக்கும் காட்டலாம்."

அன்றைக்கே திரைப்பட ஒழுக்க மேற்பார்வை விசேட உபகுழு ஒன்று அமைக்கப்பட்டது. ஆலோசகர் ஆனந்தராசா. தலைவர் நகுலேஸ்வரன். மகளிர் சார்பில் சிவநேசம். பொதுமக்கள் சார்பில் நான். மன்றத்தில் ஒரு பதவியும் இல்லாமல் எல்லாக் கூட்டத்துக்கும் ரீ குடிக்க வருகிற ஒரே ஆள் நான் என்றபடியால் பொதுமக்கள் என்று என்னைத்தான் சொல்ல முடிந்தது.

ஒழுக்கக்கேட்டின் அளவைத் திட்டமாக நிர்ணயிக்கும் பொருட்டு அந்தக் காட்சியை மீண்டும் பார்ப்பது அவசியம் என்று உபகுழு கண்டது. கதவு பூட்டப்பட்டது. ஜன்னல் சீலை இழுத்துவிடப்பட்டது. ஜெயனியைப் படியில் இருக்கச் சொன்னோம், இளம் பிள்ளை என்றபடியால். படத்தை எடுத்ததே அவள்தான் என்பதை ஒருவரும் யோசிக்கவில்லை.

"எனக்குச் சரியாத் தெரியேல்லை," என்றா சிவநேசம். "அவர் கிட்ட வாற இடத்திலையிருந்து ஒருக்காப் போடும் தம்பி."

போட்டார்.

"ஆறுதலா, மெதுவா ஓட விடேலாதோ?" என்றார் நகுலேஸ்வரன். "அவசரப்பட்டு ஒரு முடிவுக்கு வரக்கூடாது."

ஆறுதலாக ஓடியது. நானும் என் பங்குக்கு, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தரம் கேட்டேன். பொதுமக்களுக்கும் கடமை இருக்கிறதல்லவா. கடைசித் தரம் பார்த்து முடிந்ததும் சிவநேசம் புருஷன் பக்கம் திரும்பினா.

"இத்தனை வருஷத்திலை ஒருநாளாவது என்னை ஸ்ரேசன் வரைக்கும் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறியளோ?"

"மேற்படி விடயம் இந்த உபகுழுவின் அதிகாரத்துக்கு அப்பாற்பட்டது," என்றார் நகுலேஸ்வரன்.

ஜெயனியைத் திரும்ப உள்ளே கூப்பிட்டோம். ஆனந்தராசாவுக்கு வேறு ஒரு இடத்திலும் சந்தேகம் இருந்தது. இரண்டாம் நாள் காலையில் ஒரு வெள்ளைக்காரக் கிழவன் ஓடி வந்து மெற்றோவைத் தவறவிட்டுவிட்டு ஏதோ பெரிதாகச் சொல்லுகிறான்.

"என்னவோ தபர்நாக் எண்டு சொல்லுறான். என்னது அது?"

இந்தக் கியூபெக்கில் அதைவிட மோசமான தூஷணம் கிடையாது. ஆனால் அந்தச் சொல்லின் நேர்ப்பொருள் எனக்குத் தெரியும், கிறிஸ்தவ வேதக்காரன் என்றபடியால். "தேவாலயத்திலை நற்கருணை வைக்கிற பேழை," என்றேன். பொய் சொல்லவில்லை.

ஆனந்தராசா மனம் உருகிவிட்டார். "பாத்தியளோ? ரெயின் போனாலும் கடவுளை மறக்கிறானில்லை. இதைக் கொஞ்சம் சத்தம் கூட்டிப் போடு பிள்ளை."

பிறகு முத்தத்துக்குப் பரிகாரம் தேடினோம்.

முதலில் அந்த இடத்தைப் புகை மாதிரி மங்கலாக்கிப் பார்த்தோம். ஜெயனி பல்லைக் கடித்துக்கொண்டு செய்து தந்தாள். புகைக்குள்ளே இரண்டு உருவம் ஆடியது. சிவநேசம் முகத்தைப் பொத்திக்கொண்டா. "கடவுளே, இதுக்குள்ளை என்னவெல்லாம் நடக்குது?" ஒன்றுமே நடக்கவில்லை என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். பார்த்தவர்கள்தானே. ஆனாலும் எனக்கும் சந்தேகம் வந்துவிட்டது.

அடுத்ததாக முத்தத்தை வெட்டிவிட்டு இரண்டு பூக்கள் காற்றில் முட்டுகிற மாதிரி வைத்தோம். இரண்டும் செவ்வந்தி. ஆனந்தராசா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இந்தப் பூ அந்தப் பூவிலை கொஞ்சம் கூடச் சாயுது," என்றார். அதையும் எடுத்தாயிற்று.

"பிரச்சினை என்னண்டா," என்றார் அவர், "அந்த இடத்திலை ஏதோ ஒண்டு நடக்கத்தான் வேணும். அனுமதிக்கப்பட்ட ஒண்டா நடக்கோணும். அவர் அவவுக்கு ஒரு அறை விடட்டும்."

அருமைநாதனையும் யோசெப்பினையும் கூப்பிட்டுக் கேட்டோம். அவர் நின்றபடியே சொன்னார்: "நான் ஒருநாளும் அவளுக்குக் கை நீட்டினதில்லை. படத்துக்கும் நீட்டமாட்டன்."

"அப்ப அவ உங்களைச் சுடட்டும்," என்றார் ஆனந்தராசா. "அமெரிக்காவிலை இப்ப பெண்ணுரிமைக்கு நல்ல மதிப்பு."

ஜெயனிக்குப் பொறுக்கவில்லை. "அங்கிள், அவ ஏன் அவரைச் சுடோணும்? அவ்வளவு காலம் ஒண்டா இருந்த மனுசனை?"

சிவநேசம் மெதுவாகச் சொன்னா: "அதுக்குக் காரணம் காட்டத் தேவையில்லை பிள்ளை. சனத்துக்கு விளங்கும்."

நகுலேஸ்வரன் கூட்டக் குறிப்பில் ஏதோ எழுதத் தொடங்கினார்.

"அப்பிடியெண்டா என்ரை படம் வேண்டாம். நான் திருப்பிக் கொண்டு போறன்," என்று ஜெயனி லப்டொப்பை மூடப் போனாள். அந்த நேரம் யோசெப்பின்தான் மகளின் கையைப் பிடித்தா. கர்க்லாண்ட் மச்சாளுக்குச் சொல்லியாயிற்று. போர்த்துக்கேயப் பெண்கள் புதுச் சட்டை வாங்கியாயிற்று.

"சுடுறன் மோனை. படம் ஓடட்டும்," என்றா. பிறகு ஆனந்தராசாவிடம் கேட்டா: "தம்பி, சுட்டாப் பிறகு அந்தச் சிரிப்பு இருக்கலாமோ?"

ஆனந்தராசா கண்ணை மூடி யோசித்தார். அமெரிக்க நடைமுறை முழுவதையும் மனதுக்குள் புரட்டிப் பார்த்திருப்பார் போல.

"இருக்கலாம் அக்கா. சுட்டுப்போட்டுச் சிரிக்கிறதுக்கு ஒரு தடையும் இல்லை."

புதுக் காட்சியை மெற்றோவில் எடுக்க முடியாது. துவக்கோடு போனால் பொலிஸ் வரும். முத்தத்துக்குப் பொலிஸ் வரவில்லை என்பதையும் நான் சொல்லத்தான் வேண்டும். ஆகவே மொன்றியல் நோரில் மன்றம் வழமையாக வாடகைக்கு எடுக்கிற தேவாலய நிலவறை மண்டபத்தில், சுவரில் அந்த மெற்றோப் பாதையின் நிறத்தில் ஒரு செம்மஞ்சள் கோடு ஒட்டி எடுத்தார்கள். விளையாட்டுத் துவக்கு ஒன்று, வெடிக்கிற வகை. தக்காளிச் சோஸ் ஒரு போத்தல். யோசெப்பின் சுட்டா. அருமைநாதன் விழுந்தார். அவ ஓடிப்போய்ச் சீலைத் தலைப்பால் சோஸைத் துடைத்தா. "அக்கா, துடைக்கக்கூடாது. அது பாசம். திருப்பி எடுக்கோணும்," என்றார் ஆனந்தராசா. திருப்பி எடுத்தார்கள்.

மண்டபம் பார்க்கிற ஜில் என்ற வெள்ளைக்காரன் விளக்குமாற்றோடு வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்தான். ஏன் அந்த அம்மா புருஷனைச் சுடுகிறா என்று பிரெஞ்சில் கேட்டான். யோசெப்பினுக்கு வேலையிடத்தில் பழகிய பிரெஞ்சு நன்றாக வரும். "பிள்ளையளுக்காக," என்று பதில் சொன்னா. அவன் சிலுவை போட்டுக்கொண்டு கூட்டப் போய்விட்டான்.

ஒன்றுகூடல் அன்று வாசலிலே பெரிய எழுத்தில் உபகுழுவின் அறிவித்தல் தொங்கியது:

"இத்தால் சகலருக்கும் அறியத்தருவதாவது: இத்திரைப்படத்தில் கணவனுக்கும் மனைவிக்கும் இடையில் எவ்வித அன்பும் காட்டப்படவில்லை என்பது உறுதிப்படுத்தப்பட்டுள்ளது. பச்சிளம் பாலகர் முதல் சகலரும் குடும்பத்தோடு கண்டுகளிக்கலாம்."

சனம் நிரம்பி வழிந்தது. பிள்ளைகளை முன்னுக்கு நிலத்தில் பாய் போட்டு இருத்தினார்கள். கையில் ஆளுக்கொரு ரோல்ஸ், எண்ணெயில் பொரித்தது. படம் ஓடியது. சாவி கை மாறியது, பருப்பு அடுப்பில் கிடந்தது, கிழவன் பேழையைக் கூப்பிட்டான். இந்த இடத்தில் கியூபெக்கில் பிறந்த பிள்ளைகள் எல்லாம் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஆனந்தராசா அதைப் பக்திப் பரவசம் என்று எடுத்துக்கொண்டார். மூன்றாம் நாள் காலை வந்தது. யோசெப்பின் கைப்பையைத் திறந்தா, புருஷனைச் சுட்டா, கதவு மூடியது, சிரித்தா.

மண்டபம் கைதட்டியது. ஒருவரும் தண்ணீர் கேட்கவில்லை. ஒருவரும் செருமவில்லை. ஒரு தாய் மடியில் இருந்த குழந்தைக்குத் திரையைக் காட்டி, "அங்கை பார், மாமா விழுந்திட்டார்," என்று சொல்லி வாயில் ரோல்ஸ் தீத்தினா. எனக்குப் பின்னால் இருந்தவர் பக்கத்து ஆளிடம், "என்ன திறமான கொலைச் சிரிப்பு," என்றார். "முகத்திலேயே குரூரம் எழுதிக் கிடக்கு."

அது யோசெப்பினுக்கும் கேட்டது. அவ எனக்கு முன்வரிசையில் இருந்தா. பெரிய திரையில் தன்னுடைய முகத்தைப் பார்த்தா. பிறகு மடியைப் பார்த்தா. போர்த்துக்கேயப் பெண்கள் மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துவிட்டு, கதிரையைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டார்கள்.

இதோடு முடிந்திருக்கும். ஆனால் நகுலேஸ்வரன் ஒலிவாங்கியைப் பிடித்து, "இத்தம்பதியினரை மேடைக்கு அன்போடு அழைக்கிறோம்," என்றார். அன்பு என்று சொன்னதற்காக ஆனந்தராசா அவரை ஒரு பார்வை பார்த்தார். இரண்டு பேரும் ஏறினார்கள். இளம்பொடியள் பின்னாலிருந்து சத்தம் போட்டார்கள்: "அன்ரி, இன்னொருக்காச் சுடுங்கோ."

"எனக்கு ஏலாது," என்றா யோசெப்பின்.

"சனம் ஆசைப்படுது அக்கா," என்று ஆனந்தராசா துவக்கை அவவின் கையில் வைத்தார்.

அவ முகத்தைத் திருப்பிக்கொண்டு விசையை அமத்தினா. வெடி ஒலிவாங்கிக்குப் பக்கத்தில் வெடித்தது. ஒலிபெருக்கி நான்கும் அதிர்ந்து, கூரையில் ஒட்டியிருந்த அலங்காரம் ஒரு பக்கம் கழன்று தொங்கியது. பதற்றத்தில் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாமல் இருந்த அருமைநாதன் அப்படியே சாய்ந்து விழுந்தார்.

படத்தில் விழுந்ததைவிட நன்றாக விழுந்தார். கைதட்டல் ஓயவில்லை. "எழும்பாமல் கிடக்கிறார் பார், அதுதான் நடிப்பு," என்றார் எனக்குப் பின்னால் இருந்தவர்.

"இஞ்சாருங்கோ," என்றா யோசெப்பின். பதில் இல்லை. "இஞ்சாருங்கோ, காணும், எழும்புங்கோ." மூச்சு வருவது தெரியவில்லை.

ஜெயனி தொலைபேசியில் அம்புலன்ஸைக் கூப்பிட்டாள். யோசெப்பினுக்கு வேலையிடத்தில் முதலுதவி பழக்கியிருந்தார்கள். அவ முழங்காலில் இருந்தா. அவருடைய நாடியைப் பிடித்துத் தலையை நிமிர்த்தினா. மூக்கைப் பொத்தினா. குனிந்து, வாயோடு வாய் வைத்து ஊதினா.

மண்டபத்தில் இருந்த அத்தனை பேரின் கையிலிருந்த ரோல்ஸும் அந்தரத்தில் நின்றது.

"ஐயோ, பிள்ளையள் இருக்கினம்," என்று ஒரு குரல்.

"ஆரும் கொஞ்சம் தண்ணி கொண்டு வாங்கோ," என்றார் நகுலேஸ்வரன் ஒலிவாங்கியில். நோயாளிக்குத்தான் என்று நினைத்து யாரோ ஓடிப்போய்க் கொண்டு வந்தார்கள். அவர் வாங்கித் தானே குடித்தார்.

ஆனந்தராசா மேடையில் நின்று இரண்டு கையையும் விரித்தார். "அக்கா, வேறை வழி இல்லையோ? நெஞ்சிலை குத்திப் பாருங்கோ. குத்துறதுக்குத் தடையில்லை." அவ நிமிரவில்லை. "அப்ப மறையுங்கோ. மேசைத் துணியைக் கொண்டு வாங்கோ. கெதியா."

சாப்பாட்டு மேசைகளில் விரித்திருந்த வெள்ளைத் துணிகளை உருவினார்கள். சுற்றிவரப் பிடிக்க ஆள் தேவை என்றதும், மன்றத்தின் வரலாற்றில் முதல் தரமாகத் தொண்டர்களுக்குப் பஞ்சம் இருக்கவில்லை. வருஷம் முழுக்கக் கதிரை அடுக்கக் கூப்பிட்டால் இடுப்பு நோகுது என்கிறவர்கள் எல்லாம் மேடைக்குப் பாய்ந்து ஏறினார்கள். ஆண்கள், பெண்கள், மன்றத்தின் ஒன்பது உபகுழுக்களின் உறுப்பினர்கள், கர்க்லாண்ட் மச்சாள். ஆளுக்கொரு முனையாகத் துணியைப் பிடித்து வட்டமாக நின்றார்கள். எல்லாரும் துணிக்கு உள்பக்கமாக நின்றார்கள். நானும் போனேன். இடம் கிடைக்கவில்லை. விளிம்பில் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாக நின்றேன்.

கொஞ்ச நேரத்தில் அருமைநாதன் கண்ணைத் திறந்தார். தலைக்கு மேலே வட்டமாக முகங்கள்.

"ஏன் எல்லாரும் இஞ்சை நிக்கிறியள்?"

"மறைக்கிறம் அண்ணை," என்றார் ஆனந்தராசா.

"ஆருக்கு?"

துணி பிடித்தவர்கள் முனையை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தார்கள். தகப்பனின் குரலைக் கேட்டதும் ஜெயனி துணிக்குக் கீழால் எட்டிப் பார்த்து, அழுது, கண்ணைத் துடைத்தாள்.

"இன்னும் நெஞ்சு கொஞ்சம் அடைக்கிற மாதிரிக் கிடக்கு," என்றார் அருமைநாதன், மனைவியைப் பார்த்து மெல்லச் சிரித்துக்கொண்டு. ஒருவரும் துணியை விடவில்லை. அம்புலன்ஸ் வரும்வரைக்கும் இறக்கக்கூடாது என்று ஆனந்தராசா கட்டளை போட்டார். இறக்கச் சொல்லி ஒருவரும் கேட்கவும் இல்லை.

ஜெயனி லப்டொப்புக்குப் போனாள். பெரியவர்கள் எல்லாரும் மேடையில் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்க, தான் முதலில் எடுத்த படத்தின் கடைசிப் பகுதியைத் திரையில் போட்டாள். ஒருவரிடமும் அனுமதி கேட்கவில்லை. பாயில் பிள்ளைகள் மட்டும் இருந்தார்கள்.

யோசெப்பினுக்கு உள்ளே காற்றுப் போதவில்லை. துணிக்குக் கீழால் குனிந்து வெளியே வந்தா. நிமிர்ந்து பார்த்தா. மெற்றோ மேடை. அருமைநாதன் இறங்குகிறார். கன்னத்தில் முத்தம். கதவு மூடுகிறது. கண்ணாடிக்குப் பக்கத்தில் யோசெப்பினின் முகம், சுவர் அளவுக்கு. சிரிக்கிறா. அவ மேடையை விட்டு இறங்கி, பிள்ளைகளுக்கு நடுவில் பாயில் போய் இருந்துகொண்டா. அவ சொன்ன மாதிரியே வடிவாகத்தான் இருந்தா. நான் விளிம்பில் நின்றபடியால் எனக்கு இரண்டு முகமும் தெரிந்தது, சுவரில் இருந்ததும் பாயில் இருந்ததும்.

பக்கத்தில் இருந்த ஒரு சின்னப் பெண் பிள்ளை ரோல்ஸைச் சப்பிக்கொண்டு கேட்டது:

"அன்ரி, எப்ப சுடப்போறீங்கள்?"

"இதிலை நான் சுடமாட்டன் மோனை."

பிள்ளை திரையைப் பார்த்தது. பிறகு யோசெப்பினைப் பார்த்தது.

"அப்ப ஏன் சிரிக்கிறீங்கள்?"

யோசெப்பின் பதில் சொல்ல வாய் எடுத்தா. அதற்குள் அந்தப் பிள்ளையின் தாய் துணிக்குள்ளிருந்து ஓடி வந்து, பின்னால் நின்று பிள்ளையின் கண்களை இரண்டு கையாலும் இறுக்கிப் பொத்தினா. ரெயின் சுரங்கத்துக்குள் போய் மறையும்வரைக்கும் எடுக்கவில்லை. தன்னுடைய கண்ணைப் பொத்த அவவுக்கு வேறு கை இருக்கவில்லை.